மே மாதமும் கார்த்திகையும்: செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி இவற்றில் எதை வைப்பது?

"மதில் ஓரமாக மூன்றடி அகலத்துக்கு மண் இருக்கிறது. வருடம் முழுவதும் பச்சையாக நிற்க வேண்டும், பூவும் பூக்க வேண்டும், அதிக வேலையும் வைக்கக் கூடாது. என்ன வைக்கலாம்?" செடி வளர்ப்பவன் என்று தெரிந்ததும் என்னிடம் வரும் முதல் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே நர்சரிக்குப் போய், நாலைந்து செடிகளைப் பார்த்துக் குழம்பி, ஒன்றும் வாங்காமல் திரும்பியவர்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள். நான் அப்படித் திரும்பவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே வீடு கட்டிக் குடிபோன மறுமாதமே பன்னிரண்டு இட்லிப்பூச் செடிகளை வாங்கிவந்து மதில் ஓரம் வரிசையாக நட்டேன். ஒன்றரை ஆண்டில் ஒன்பது போய்விட்டன. ஏன் போயின என்று புரிவதற்கு மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்தக் கதை அதன் இடத்தில் வரும்.

நர்சரியில் எல்லாச் செடியும் அழகுதான். பச்சை வலையின் நிழல், தினம் இருவேளைத் தண்ணீர், வாரம் ஒருமுறை மருந்து என்று மாப்பிள்ளை உபசாரத்தில் இருக்கும். அதே செடி நம் வீட்டு மே மாதக் கத்திரி வெயிலில் எப்படி நிற்கும், கார்த்திகை அடைமழையில் வேர் நனைந்து கிடக்கும்போது என்ன செய்யும் என்பதை வைத்தே நான் இப்போது செடியைத் தேர்ந்தெடுக்கிறேன். மற்ற பத்து மாதங்களும் தாமாகவே கழிந்துவிடும்.

எங்கும் கிடைக்கும், பசுமை மாறாத, ஆண்டின் பெரும்பகுதி பூக்கும் குத்துச்செடிகள் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். காகிதப்பூவை ஏன் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். அதற்கு முள் உண்டு, படரவும் செய்யும், தண்ணீர் குறைந்தால் இலையையும் உதிர்த்துவிடும். மூன்றடி இடத்தில் அது நடைபாதையைப் பிடித்துக்கொள்ளும்.

## வாங்கும் முன் அளக்க வேண்டியவை

முதலில் வெயில். "எங்கள் வீட்டில் நல்ல வெயில்" என்பது அளவு ஆகாது. எத்தனை மணி நேரம் என்று எண்ண வேண்டும், அதையும் ஆண்டில் இரண்டு முறை எண்ண வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடுப்பகலில் நேராகத் தலைக்கு மேலே வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதில் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஆகவே வடக்குப் பார்த்த வீட்டின் முன்புறம் மே, ஜூன் மாதங்களில் வெயிலில் காயும். மார்கழியில் வீட்டின் நிழல் முழுவதும் அதன்மேல் விழுந்துகிடக்கும். தெற்குப் பார்த்த வீட்டுக்கு இது தலைகீழ். தை மாதம் பார்த்துவிட்டு "இங்கே நிழல்தான்" என்று முடிவு செய்து நட்ட செடி சித்திரையில் கருகுவது இதனால்தான்.

அடுத்தது தண்ணீர். எவ்வளவு கிடைக்கிறது என்பதைவிட எப்படிப்பட்டது என்பது முக்கியம். குளியலறை வாளியின் உட்புறத்திலும் குழாய் நுனியிலும் வெள்ளையாகப் படிவு கட்டுகிறதா? அப்படியானால் உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அந்தப் படிவு செடியின் வேரடியிலும் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

மண்ணைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணின்மீது வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டின் மதில் ஓரத்தில் பெரும்பாலும் பொங்கும். கொத்தனார் மீதிக் கலவையைக் கொட்டி மூடிய இடத்தைத்தான் நாம் தோட்டம் என்கிறோம்.

இடத்தின் அகலம், வீட்டில் தவழும் குழந்தையோ இலையைக் கடிக்கும் நாய்க்குட்டியோ இருக்கிறதா என்பது, பூ சாமிக்கு வேண்டுமா பார்வைக்கு மட்டுமா என்பது ஆகியவை மற்ற கேள்விகள். இன்னொன்றை யாரும் கேட்டுக்கொள்வதில்லை: கோடை விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?

| | செம்பருத்தி | இட்லிப்பூ | நந்தியாவட்டை | அரளி |
|---|---|---|---|---|
| தேவையான வெயில் | 5–6 மணி நேரம் | 4–6 மணி நேரம் | 3–4 மணி நேரமே போதும் | நாள் முழுவதும் |
| மே மாதத்தில் | தினமும் தண்ணீர், தொட்டியில் இருவேளை | ஒருநாள் விட்டு ஒருநாள் | ஒருநாள் விட்டு ஒருநாள் | வேரூன்றிய பின் வாரம் ஒருமுறை |
| அடைமழையில் | தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் | ஓரளவு தாங்கும் | தாங்கும், புழு வரும் | தாங்கும், பூ குறையும் |
| உப்பு, கடினநீர் | சுமாராகத் தாங்கும் | தாங்காது | தாங்கும் | நன்றாகத் தாங்கும் |
| வெட்டாவிட்டால் உயரம் | 8–10 அடி | 5–6 அடி, குட்டை வகை 2 அடி | 6–8 அடி | 8–12 அடி |
| பூவின் ஆயுள் | ஒரு நாள் | கொத்து பல வாரம் | ஓரிரு நாள் | சில நாள் |
| முதல் எதிரி | மாவுப்பூச்சி | இலை வெளுத்தல் | பருந்து அந்தின் புழு | மஞ்சள் அசுவினி |
| நச்சு | இல்லை | இல்லை | பால் நச்சுடையது | எல்லாப் பகுதியும் கடும் நச்சு |

இந்த அட்டவணையைப் பார்த்ததும் நந்தியாவட்டை வென்றுவிட்டது என்று தோன்றும். பாதி உண்மை. ஆனால் வெள்ளைப் பூ மட்டும் போதும் என்று சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

## செம்பருத்தி

ஈழத்தில் செவ்வரத்தை என்பார்கள். நட்ட முதல் ஆண்டிலேயே பூத்துவிடுவதும், தினம் காலையில் புதிதாக ஒன்று விரிந்து நிற்பதும் வேறு செடியில் கிடைக்காத மகிழ்ச்சி. பூ ஒருநாள்தான் இருக்கும். மாலையில் சுருங்கி மறுநாள் விழும். பறித்து அம்மனுக்கோ பிள்ளையாருக்கோ வைக்கலாம், எண்ணெய் காய்ச்சலாம். குழந்தை பிய்த்து வாயில் போட்டாலும் பதற வேண்டியதில்லை.

இங்கே ஒரு பிரிவைத் தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நாட்டுச் செம்பருத்தி, அதாவது ஐந்து இதழில் சிவப்பாகப் பூக்கும் பழைய வகை, ஒரு செடி. கையகலத்தில் ஆரஞ்சும் ஊதாவும் கலந்து பூக்கும் கலப்பினம் கிட்டத்தட்ட வேறொரு செடி. சென்ற முறை நான் வாங்கியபோது முன்னது 40 ரூபாய், பின்னது 250 ரூபாய். நாட்டு வகையை ஒரு போத்து ஒடித்து நட்டாலே வரும். பக்கத்து வீட்டில் கேட்டால் இலவசம். கலப்பினங்கள் பல ஒட்டுக்கட்டியவை. அடித்தண்டிலிருந்து ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் குருத்தைக் கிள்ளாமல் விட்டால், இரண்டு ஆண்டில் 250 ரூபாய்ச் செடி 40 ரூபாய்ச் செடியாக மாறி நிற்கும். எனக்கு அப்படி ஒன்று மாறியது. புகார் சொல்ல இடமில்லை, தவறு என்னுடையது.

மொக்கு உதிர்கிறது என்பது செம்பருத்திக்காரர்களின் நிரந்தரப் புலம்பல். உதிர்ந்த மொக்கைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நுண்புழு நெளிந்தால், விழுந்த மொக்கு ஒவ்வொன்றையும் அன்றன்றே பொறுக்கி அப்புறப்படுத்துவதுதான் முதல் மருந்து. தரையில் விட்டால் புழு மண்ணுக்குள் போய் மீண்டும் எழும். புழு இல்லையென்றால் தண்ணீர் ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு என்று ஊற்றியிருப்பீர்கள். அடுக்கு வகைகள் இதில் இன்னும் கோபக்காரர்கள்.

மாவுப்பூச்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் செம்பருத்தியின் மறைமுகச் செலவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. குருத்து முறுக்கிக்கொண்டு வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருக்கும். எறும்பு ஏறி இறங்கும். அதன் இனிப்புக் கழிவு கீழிலைகளில் படிந்து கரும்பூசணம் பிடிக்கும். அடியில் கார் நின்றால் கார்மீதும் பிசுக்கு. 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி ஓரிரு ஆண்டில் தமிழகத்தின் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியது நினைவிருக்கலாம். வேலியோரச் செம்பருத்தியும் அதற்கு விருப்பமான உணவு. மருந்தடித்து அடங்காத அந்தப் பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசிரோஃபேகஸ் என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது. ஆகவே மாவுப்பூச்சியைக் கண்டதும் கடைக்காரர் தரும் கடும் மருந்தை வாங்கி அடிப்பவர், பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் குளவியையும் சேர்த்தே கொல்கிறார். அடுத்த மாதம் பூச்சி மட்டும் திரும்பி வரும்.

நான் செய்வது இதுதான்: முறுக்கிய நுனிகளை வெட்டிப் பைக்குள் கட்டிக் குப்பையில் போடுவேன். மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவேன். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிப்பேன். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். இந்த மூன்று வாரத்துக்குப் பொறுமை இல்லாதவர் செம்பருத்தியை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

பூ புதுக் கிளையில்தான் வரும் என்பதால் கவாத்து கட்டாயம். தை கடைசியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் கோடையில் செடி நிறையப் பூக்கும்.

நாட்டுச் செம்பருத்தி வெயில் உள்ள, தண்ணீர் வடியும் தரைக்கு, வீட்டில் தினமும் இருப்பவர் ஒருவராவது உள்ள குடும்பத்துக்கு ஏற்றது. கலப்பினம் மொட்டை மாடியில் பதினாறு அங்குலத் தொட்டி வைத்து, காலையில் காபியுடன் செடியைச் சுற்றிவரும் பழக்கம் உள்ளவருக்கு. மற்றவர்களுக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்கும் செடியாகிவிடும்.

## இட்லிப்பூ

இனி என் ஒன்பது செடிகள்.

புதிய இலைகள் வெளிறிய மஞ்சளாக வந்தன. நரம்பு மட்டும் பச்சை. தண்ணீர் போதவில்லை என்று அதிகம் ஊற்றினேன். மஞ்சள் கூடியது. கடலைப் புண்ணாக்கு வைத்தேன், எப்சம் உப்பு தூவினேன். செடி என்னைப் பார்த்துக்கொண்டே செத்தது. கடைசியில் ஒரு குழியை ஓரடி தோண்டினேன். உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, ஓரங்குலத்துக்குக் காரைத் தூள். அதன்மேல் நான் தினமும் ஊற்றிவந்தது வாளியில் வெள்ளை படியும் ஆழ்துளைத் தண்ணீர்.

இட்லிப்பூ அமில மண்ணின் பிள்ளை. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். கேரளத்தின் செம்பாறை மண்ணில் தெச்சி என்ற பெயரில் வேலியில் தானாக நிற்கும். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 5 முதல் 6 வரை இருப்பது அதற்கு உகந்தது. சுண்ணாம்பு கூடி 7.5ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. அதனால்தான் பழைய இலை பச்சையாக இருக்க, குருத்து வெளுக்கிறது. எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம். அதன் குறைபாடு பழைய இலையில் தொடங்கும். நான் வேறொரு நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரும்பைத் தரும் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்ஃபேட்) லிட்டருக்கு 3 கிராம் வீதம், சிறிது எலுமிச்சைச் சாற்றுடன் கரைத்து இலைமேல் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். இரண்டு மாதத்தில் மறுபடி வெளுக்கும். மண்ணில் போட்டாலோ சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். மண் எளிதில் பூட்டிவிடாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்துக் கடைகளில் விற்கும் செலேட் இரும்பில் இ.டி.டி.ஏ. வகையும் சுண்ணாம்பு மண்ணில் நிற்காது, இ.டி.டி.எச்.ஏ. வகைதான் நிற்கும், அது விலை கூடியது. தெளிக்கும்போது அன்னபேதி சொட்டிய இடமெல்லாம் தரை ஓட்டில் துருக்கறை. என் வீட்டு வாசற்படியில் இன்னும் இருக்கிறது.

தப்பிய மூன்று செடிகளையும் பெரிய தொட்டிகளுக்கு மாற்றினேன். செம்மண், மட்கிய இலை உரம், தென்னை நார்க் கழிவு. தண்ணீருக்கு வழி தேடியபோது, மாடியில் குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து வீணாகச் சொட்டும் நீர் கண்ணில் பட்டது. காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் அந்த நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. இப்போது அதையும் மழைநீரையும் மட்டும்தான் அவற்றுக்கு ஊற்றுகிறேன். இதற்கு நேர் எதிரானது குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீர். "வீணாகப் போகிறதே" என்று பலரும் அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இட்லிப்பூவுக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: மண்ணும் நீரும் பொருந்திவிட்டால் இந்த நான்கில் மிகக் குறைந்த வேலை வைப்பது இட்லிப்பூதான். பூச்சி அதிகம் அண்டாது. ஒரு கொத்து விரிந்தால் பல வாரம் நிற்கும், பட்டாம்பூச்சி வரும், உதிரும் பூவைப் பெருக்குவது எளிது, நச்சும் கிடையாது. பூவின் காம்பை உருவித் தேன் உறிஞ்சாத குழந்தைப் பருவம் நம்மில் யாருக்கு இருந்தது? சங்க காலத்தில் ஆநிரை கவரப் போன மறவர் சூடிய வெட்சி இதுதான் என்பார்கள். மாடு பிடிக்கப் போனவன் சூடிய பூவை இட்லியாக்கிய பெருமை நம் தலைமுறைகளைச் சேர்ந்தது.

ஒரே ஓர் எச்சரிக்கை. இதன் பூ கிளை நுனியில் வருகிறது. மாதம் ஒருமுறை வரும் தோட்டக்காரர் கத்தரியால் சீப்பு வாரியது போல் சமமாக வெட்டிவிட்டுப் போனால், மொக்கையும் சேர்த்தே வெட்டிவிட்டுப் போகிறார். அடுக்ககங்களில் வேலியாக வைத்த இட்லிப்பூ பூக்காமல் பச்சைச் சுவராக நிற்பதன் இரகசியம் இது. பூத்து முடிந்த கொத்தை மட்டும் கிள்ளினால் போதும்.

செம்மண் பூமியிலும், கன்னியாகுமரி மாவட்டம் போல் மழை அதிகம் உள்ள இடங்களிலும் யோசிக்காமல் வாங்கலாம். வினிகர் பொங்கும் வீட்டில் தரையில் நடாதீர்கள். தொட்டியில் குட்டை வகை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## நந்தியாவட்டை

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அதுவே இதன் சிறப்பு. கடினநீரைக் குடிக்கும், அரை நிழலிலும் பூக்கும், இலை கரும்பச்சையாகப் பளபளக்கும். காற்றாடி போன்ற ஒற்றைப் பூ வகையும் அடுக்கு வகையும் உண்டு. அடுக்குப் பூவுக்கு இரவில் மெல்லிய மணம். வடக்குப் பார்த்த வாசல், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்து, மாமரத்தின் ஓர நிழல் ஆகிய இடங்களில் மற்ற மூன்றையும் வைத்துத் தோற்றவர்கள் கடைசியில் இதனிடம்தான் வருகிறார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை கிளைகள் மொட்டையாக நிற்கும். அடியில் மிளகு அளவில் கரிய எச்சம் கிடக்கும். அண்ணாந்து தேடினால் விரல் தடிமனில், இலை நிறத்தில், தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் போன்ற புள்ளியுடன் ஒரு புழு. அரளிப் பருந்து அந்து என்ற பெரிய விட்டிலின் குட்டி அது. கடிக்காது. ஒரு குச்சியில் ஏற்றி எடுத்துவிட்டால் போதும், மருந்து வேண்டாம். மூன்று வாரத்தில் செடி மறுபடி தழைக்கும். எங்கள் வீட்டில் அதை எடுத்துப் போட நான்தான் வர வேண்டும், மற்றவர்கள் பார்த்ததும் ஓடுகிறார்கள்.

ஒடித்தால் பால் வடியும். துணியில் பட்டால் கறை, சிலருக்குத் தோலில் அரிப்பு. கண்ணுக்கு நல்லது என்று கேள்விப்பட்டுச் சாற்றையோ பாலையோ கண்ணில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், நச்சு ஆல்கலாய்டுகள் உள்ள செடி இது.

வெண்ணிறம் ஒன்றே என்ற குறையைத் தவிர, வேறு பெரிய குறை எனக்குத் தெரியவில்லை. இலை ஓரம் வெள்ளையாக உள்ள வகை ஒன்று கிடைக்கிறது. அதுவும் அழகு, ஆனால் மெதுவாக வளரும்.

## அரளி

தண்ணீர் இல்லாத இடத்துக்குப் பூச்செடி கேட்டால் அரளிதான். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் லாரிப் புகையையும் தார்ச் சூட்டையும் தாங்கி அது பூத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மாடு மேயாது, எதிர்ச்சாரி வண்டியின் முகப்பொளியை மறைக்கும், லாரித் தண்ணீர் எப்போதாவது வந்தால் போதும். கடலோர உப்புக் காற்றிலும் நிற்கும். 1945இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் முதலில் பூத்த செடிகளுள் ஒன்று என்று போற்றி, அந்நகரம் இதைத் தன் அடையாள மலராகவே வைத்திருக்கிறது. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் இதுவே பணப்பயிர். நம் ஊர்ப் பூக்கடை மாலைகளில் உள்ள அரளி பல அங்கிருந்து வந்தவை.

செலவுக் கணக்கில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வேர் முதல் பூ வரை எல்லாப் பகுதியிலும் ஓலியாண்ட்ரின் போன்ற நச்சுகள் உண்டு. அவை நேராக இதயத் துடிப்பைத் தாக்குபவை. காய்ந்த இலையிலும் நச்சு போவதில்லை. கிளையை எரித்தால் புகையும் தீங்கு. 2024 மே மாதம், அரளி இலையையும் பூவையும் தெரியாமல் மென்றதாகக் கருதப்பட்ட இளம்பெண் ஒருவர் கேரளத்தில் இறந்ததை அடுத்து, திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்க உத்தரவிட்டது. அதற்குப் பதிலாகத் துளசியும் தெச்சியும் போதும் என்றது. மலபார் தேவசம் போர்டும் அதே முடிவை எடுத்தது.

"எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள். பாட்டி வீட்டில் அது வேலிக்கு அப்பால், கிணற்றடியில் இருந்தது. நம் வீட்டில் வாசலுக்கும் தவழும் குழந்தைக்கும் நடுவில் இரண்டடிதான். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை, கன்றுக்குட்டி, ஆடு, எதையும் கடிக்கும் நாய்க்குட்டி இவற்றில் ஒன்று இருந்தாலும் அரளி வேண்டாம் என்பது என் முடிவு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. மஞ்சள் பூப்பூக்கும் பொன்னரளி வேறு இனம்; அதன் விதையும் கடும் நச்சு. அதற்கும் இதே தீர்ப்பு.

மறைமுகச் செலவு என்றால் வெட்டிய கிளைகளை அகற்றுவதுதான். கையுறை அணிந்து வெட்ட வேண்டும். மாட்டுத் தீவனக் குப்பையோடு கலக்காமலும் எரிக்காமலும் அகற்ற வேண்டும். வெட்டாமல் விட்டால் அடியில் இலையின்றி மூங்கில் புதர் போல் உயர்ந்து நிற்கும், பூ மேலே யாருக்கோ பூக்கும். குருத்தில் மஞ்சள் அசுவினி மொய்க்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் போகும்.

ஆளில்லாத மனை, பண்ணை வீட்டின் சாலையோர வேலி, தொழிற்கூடத்தின் சுற்றுச்சுவர், கடலோர வெட்டவெளி ஆகிய இடங்களில் அரளியை விட நல்ல செடியை நான் சொல்ல மாட்டேன்.

## எப்போது, எப்படி வாங்குவது

எதைத் தேர்ந்தாலும் மே மாதத்தில் நடாதீர்கள். ஆடியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். அடைமழைக்கு நடுவே நட்டால் குழியில் நீர் நின்று வேர் அழுகும். செம்பருத்திக்கு இது இன்னும் முக்கியம். அதைத் தரைமட்டத்துக்கு அரையடி உயர்த்திய மேட்டில் நடுவது நல்லது.

நம் நர்சரிகளுக்கு வரும் செடிகள் பல ஆந்திரத்தின் கடியம் பகுதியிலிருந்து வருபவை. பிசுபிசுப்பான களிமண் உருண்டையோடு இருப்பவையும் அவற்றில் உண்டு. அப்படியே குழியில் வைத்தால், சுற்றியுள்ள மண் நனைந்திருக்க உருண்டை மட்டும் உள்ளே கல்லாக வறண்டு கிடக்கும், அல்லது சேறாக ஊறிக் கிடக்கும். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வேர் அறாமல் வெளிப்பக்கக் களிமண்ணைக் கரைத்துவிட்டு நடுங்கள். நர்சரிக்காரர் இதைச் சொல்ல மாட்டார், கேட்டால் மறுக்கவும் மாட்டார்.

நிறையப் பூவோடு நிற்கும் செடியைவிட, பூ குறைந்து அடியிலிருந்து நாலைந்து கிளை விட்ட செடியை எடுங்கள். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் வெளியே சுருண்டு வந்திருந்தால் அது அங்கே நெடுநாளாகக் காத்திருக்கிறது. குருத்து இலையையும் பாருங்கள். நர்சரியிலேயே இட்லிப்பூவின் குருத்து வெளுத்திருந்தால் அவர்கள் தண்ணீரும் உங்கள் தண்ணீர் போலத்தான்.

எங்கள் மதில் ஓரத்தில் இப்போது ஏழு நந்தியாவட்டைகள் நிற்கின்றன. தெற்கு மூலையில், வெயில் விழும் இடத்தில், பக்கத்து வீட்டில் ஒடித்துக் கொண்டுவந்த நாட்டுச் செம்பருத்தி ஒன்று. தப்பிய மூன்று இட்லிப்பூக்களும் மாடியில், குளிர்சாதனக் குழாய்க்கு அடியிலேயே இருக்கின்றன. மார்கழியில் அந்தக் குழாய் சொட்டுவதில்லை. அதற்காகக் கார்த்திகை மழையில் இரண்டு பீப்பாய் நிரப்பி, கொசு புகாமல் துணி கட்டி மூடிவைக்கிறேன்.